பாஞ்சாலையின் சம்மதம்

அம்மாவிடமிருந்து அன்று காலை வந்த வாட்ஸ்அப் செய்தியிலும் அந்தப் பிழை இருந்தது. ‘இன்னைக்கு பெளர்ணமி, மத்தியானத்துக்கு மேல ரோட்டை அடைச்சிடுவாங்க, சீக்கிரம் கிளம்பு’ என்று சமையலறையிலிருந்தே அனுப்பியிருந்தாள். படிப்பவர் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. ‘பௌ’ என்ற ஒற்றை எழுத்து இருக்க வேண்டிய இடத்தில், அவள் கைப்பேசியின் விசைப்பலகை ஒரு ‘பெ’வை எழுதிப் பக்கத்தில் ஒரு ‘ள’வை உட்கார வைத்திருக்கும். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். சரியாக எழுதித் தேடினால் அம்மாவின் பௌர்ணமிகள் ஒன்றுகூட அகப்படாது. இதில் அம்மாவின் தவறு எதுவும் இல்லை. அது மகள் மதிவதனி செய்த தவறு.

ஆறு வருடங்களுக்கு முன் அவளும் ஜீவகுமாரும் சேர்ந்து கைப்பேசிக்கு ஒரு தமிழ் விசைப்பலகை எழுதினார்கள். இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், எங்கள் பெயரை எங்காவது ஒரு மூலையில் போட்டால் போதும் என்று தாராள உரிமத்தில் வெளியிட்டார்கள். ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது. அழகாக்கியது, வேகமாக்கியது, பிறகு உள்ளே எழுதியிருக்கும் கட்டளைகளை, அதாவது நிரலை, யாருக்கும் காட்டாமல் கதவைச் சாத்திக்கொண்டது. ஊரெல்லாம் அதைத்தான் வைத்துக்கொண்டார்கள், இவர்களுடையதை மறந்துபோனார்கள். போகும்போது மதிவதனியின் அந்த ஒரு பிழையையும் கம்பெனி கூடவே தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவளுக்குத் திருத்தப் பத்து நிமிடம் போதும். திறக்கத்தான் முடியாது. இரண்டு முறை கம்பெனிக்கு எழுதினாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று இரண்டு முறையும் பதில் வந்தது. பெற்ற பிள்ளை அடுத்த வீட்டுக்குத் தத்துப் போய்விட்டது, அதன் சட்டையில் தான் தப்பாகத் தைத்த பட்டனைத் தினமும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி என்று அவள் ஒருமுறை சொல்ல, ஜீவகுமார் விழுந்து விழுந்து சிரித்தான்.

அதனால்தான் அடுத்து எழுதிய ‘கூப்பிடு’ என்ற மென்பொருளுக்கு அவள் அளிப்புரிமைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கணினிக்காரர்களுக்குக் காப்பிலெஃப்ட் என்றால்தான் சுலபமாகப் புரியும். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஆனால் மாற்றியதை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது, உள்ளே இருக்கிற நிரலையும் அதே உரிமைகளோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். சாத்தி வைக்கக் கூடாது. கேட்கச் சின்ன விஷயம்தான். பதினோரு நாளாக இருவரும் பேசிக்கொள்ளாததற்கு அந்தச் சின்ன விஷயம்தான் காரணம்.

கூப்பிடு பிறந்தது கிரிவலப் பாதையில். பௌர்ணமிக்கு வரும் லட்சக்கணக்கான ஜனத்தில் மாலைக்குள் நூறு பேராவது கூட்டத்தில் தொலைந்துபோவார்கள். பாதை நெடுகத் தன்னார்வலர்களின் அறிவிப்புக் கூடாரங்கள் உண்டு. ஒரு கூடாரத்தில் ‘கௌரியம்மாளைக் காணோம்’ என்று ஒருவர் நிற்பார். நாலு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கூடாரத்தில் கவுரி என்று எழுதிக்கொண்டு அந்த அம்மாளை பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். ஒரே பெயரை ஊர் எத்தனை விதமாகச் சொல்லும், எத்தனை விதமாக எழுதும் என்று தெரிந்து, இரண்டு பட்டியலையும் சேர்த்துப் பார்த்து, இவர்தான் அவர் என்று காட்டுவதே கூப்பிடு செய்கிற வேலை.

கல்லூரியில் பாடம் நடத்தும் ஜீவகுமாரின் மாணவர்கள் கணக்குப்போட்டுப் பார்த்ததில், கூடாரங்களில் காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறைந்திருந்தது. அந்தச் செய்தி எப்படியோ சென்னைக்குப் போய், அருண்பிரசாத் என்பவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அவருடைய நிறுவனம் மருத்துவமனைகளுக்கு நோயாளிப் பதிவு மென்பொருள் செய்கிறது. விபத்தில் அடிபட்டு, பேர் அரைகுறையாகப் பதிவாகி, யாரென்று தெரியாமல் கிடக்கிறவர்களைக் காணாமல் போனவர்களின் பட்டியலோடு பொருத்திப் பார்க்கக் கூப்பிடு வேண்டும். ஆனால் காப்பிலெஃப்ட் உரிமத்தில் இருக்கிற எதையும் தொடக் கூடாது என்று அவர்களுடைய வக்கீல்கள் சொல்கிறார்கள். உரிமத்தை மாற்றித் தர முடியுமா?

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் காபிக் கடையில்தான் அந்தச் சண்டை நடந்தது. சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி மௌனமாக உட்கார்ந்திருக்க, இவர்கள் இருவர் குரல் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

“கொடுத்தப்புறம் அதுல கயிறு கட்டி வெச்சிக்கக் கூடாது மதி. கயிறு இருந்தா அது தானமே இல்ல” என்றான் ஜீவகுமார். அவன் ஆரணிப் பக்கத்துச் சமணக் கிராமத்துக்காரன். தானம் என்ற சொல்லை அவன் லேசாகச் சொல்ல மாட்டான்.

“அன்னதானம் போடறோம். ஒருத்தன் வந்து அண்டாவோட தூக்கிட்டுப்போய் ஓட்டல் வெக்கிறான். பரவால்லயா?”

“சோறுன்னா தீர்ந்துபோவும். இது எத்தினி பேர் எடுத்தாலும் அண்டா ரொம்பியே இருக்குதே. நமக்கு இன்னா நஷ்டம்?”

“சோத்துல கல்லு இருந்தா? அது ஓட்டல்காரனுக்குத்தான் தெரியும், நமக்கு வந்து சொல்ல மாட்டான். பொறுக்கி எடுத்துட்டு அவன் சோறுதான் நல்ல சோறும்பான். நம்ம அண்டால கல்லு அப்படியே கெடக்கும்.”

“ஆஸ்பத்திரில பேர் தெரியாம ஒருத்தர் கெடக்கிறாரு. அவர்கிட்டப் போயி, லைசென்ஸ் சரியில்ல, அதனால உங்க வீட்டுக்கு சொல்ல முடியலன்னு சொல்லுவியா நீ?”

அவள் காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள். மௌனத்திலிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்துப் புன்னகைத்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

உரிமத்தை மாற்ற வேண்டுமென்றால் எழுதியவர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். மொத்தம் நாலு பேர். இவர்கள் இருவரைத் தவிர, சித்தூரிலிருந்து தெலுங்குப் பெயர்களுக்கான பகுதியை எழுதி அனுப்பிய அனந்த். காப்பிலெஃப்ட்டின் பலனுக்கு மதிவதனி எப்போதும் எடுத்துச்சொல்கிற உதாரணம் அவன்தான். அவனும் தங்கள் ஊர்த் திருவிழாவில் கூப்பிடுவை ஓட்டினான், மாற்றினான், மாற்றியதைத் திருப்பிக் கொடுத்தான், ஏனென்றால் உரிமம் அப்படி. அவனிடம் அவள் தொலைபேசியில் பேசியபோது, “லைசென்ஸா? அதெல்லாம் நான் படிக்கவே இல்லீங்க. ஒவ்வொரு தரமும் உங்க புது வெர்ஷன்ல என் மாத்தத்தை ஒட்டவெக்கிறது பேஜாரா இருந்திச்சி. உங்ககிட்டயே குடுத்துட்டா நீங்க பாத்துப்பீங்கன்னு அனுப்பினேன். எதுவா இருந்தாலும் எனக்கு ஓகே” என்றான். இதை ஜீவகுமாரிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்று அவள் முடிவுசெய்தாள். அனந்தே சொல்லிவிட்டான்.

நாலாவது ஆள் பாஞ்சாலை.

அடி அண்ணாமலையில் பாதையோரம் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவள். பௌர்ணமிதோறும் கடையை மகள் ஆர்த்தியிடம் விட்டுவிட்டு அறிவிப்புக் கூடாரத்தில் மைக் பிடிப்பாள். ஏழு வருடமாகத் தொலைந்தவர்களின் பெயர்களை ஜனங்கள் எப்படிச் சொன்னார்கள், உண்மையில் அது எந்தப் பெயராக இருந்தது என்று நோட்டுகளில் எழுதி வைத்திருந்தாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. அந்த நோட்டுகளை ஆர்த்தி தட்டச்சு செய்து கொடுத்ததுதான் கூப்பிடுவின் பெயர்ப் பட்டியல். அது வருவதற்கு முன்னால் கூப்பிடு பாதிப் பெயர்களைத் தவறவிட்டுக்கொண்டிருந்தது. பட்டியல் வந்த பிறகுதான் அதற்குக் காது முளைத்தது.

மதிவதனி வேங்கிக்கால் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, சாலையை அடைப்பதற்குள் கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜீவகுமார் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். வாயைத் திறக்கவில்லை. அவள் அதைச் சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். பாஞ்சாலை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிவப்புப் புடவை, காதருகே கனகாம்பரம், கழுத்தில் கூடார அடையாள அட்டை.

“இன்னா, ரெண்டு பேரும் எழவு வீட்டுக்கு வந்தாப்பல உக்காந்துகினு கீறீங்க? மேட்டரைச் சொல்லுங்க.”

இருவரும் சொன்னார்கள். முதலில் முறைவைத்து, பிறகு ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து. நடுநடுவே பாஞ்சாலை கையைக் காட்டி நிறுத்திவிட்டு மைக்கை எடுப்பாள். “போளூர் வட்டம் கஸ்தம்பாடி கிராமத்தைச் சேர்ந்த தனபாக்கியம், உங்கள் மகன் இங்கே காத்துக்கொண்டிருக்கிறார்” என்று நிறுத்தி நிதானமாக, செய்தி வாசிப்பவரைப் போல அறிவிப்பாள். மைக்கை வைத்ததும், “சாரு, நீங்க சொல்லுங்க, அண்டா ரொம்பியே இருக்குதுன்றீங்க, அப்புறம்?” என்று பழைய குரலுக்கு வந்துவிடுவாள். ஜீவகுமார் விபத்தில் கிடப்பவரைப் பற்றிச் சொன்னபோது அவள் உச்சுக்கொட்டினாள். மதிவதனி விசைப்பலகைப் பிழையைப் பற்றிச் சொன்னபோதும் அதே அளவுக்கு உச்சுக்கொட்டினாள். யார் பக்கம் சாய்கிறாள் என்று ஒன்றும் பிடிபடவில்லை.

“அந்தக் கம்பெனி எடுத்துக்கினா என் பேரு இருக்குமா?” என்று மட்டும் கேட்டாள்.

“இருக்கும்க்கா. ரெண்டு விதத்துலயும் இருக்கும். எழுதினவங்க பேரை எடுக்கக் கூடாது” என்றாள் மதிவதனி.

“எங்க இருக்கும்?”

ஜீவகுமார் தலையைச் சொறிந்தான். “அது... செட்டிங்ஸ்ல போயி, அதுல கீழ, சட்டக் குறிப்புகள்னு ஒண்ணு இருக்கும். அதுல.”

“எவனும் போவாத எடம்னு சொல்லுங்க” என்று பாஞ்சாலை சிரித்தாள்.

அப்போதுதான் ஒரு அம்மாள் வந்தாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் இரண்டு பேருக்கான செருப்பு, இடுப்பில் ஒரு மஞ்சள் பை. வீட்டுக்காரரைக் காணோம், குளக்கரைப் பக்கம் கையைவிட்டவர்தான், ஒரு மணி நேரமாகிறது.

“பேர் இன்னாம்மா?”

அம்மாள் செருப்புகளைக் கைமாற்றிக்கொண்டாள். புருஷன் பேரை இந்த நாற்பது வருடத்தில் அவள் சொன்னதே இல்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. ஜீவகுமார் விசைப்பலகைமேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

“ரேஷன் கார்டு இருக்குதாம்மா? ஆதார்?”

“அதெல்லாம் அவரு சோப்புல கீது.” சோப்பு என்றால் சட்டைப் பை. ஜீவகுமார் விரலை எடுத்துவிட்டான்.

“ஜாடையாவாச்சும் சொல்லும்மா” என்றாள் பாஞ்சாலை.

அம்மாள் யோசித்தாள். வெட்கப்பட்டாள். பிறகு, “இந்திரனுக்கு ஒடம்பெல்லாம் எத்தினி?” என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மதிவதனியும் ஜீவகுமாரும் பதினோரு நாளில் முதல்முறையாக ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பட்டதாரிகளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பாஞ்சாலைக்கு அரை நொடிகூட ஆகவில்லை. “கண்ணாயிரம்! அடிங்க சாரு, கண்ணாயிரம்.”

இந்திரன் உடம்பெல்லாம் ஆயிரம் கண் என்ற புராணக் கதை அப்போதுதான் நினைவுக்கு வந்து ஜீவகுமார் அடித்தான். திரையில் சுழல் ஒருமுறை சுற்றி நின்றது. செங்கம் ரோடு முனைக் கூடாரத்தில், நாற்பது நிமிடங்களுக்கு முன், யாரோ ஒரு மாணவன் அவசரத்தில் கன்னாரம் என்று பதிந்து வைத்திருந்த ஒரு பெரியவரை அது மேலே கொண்டுவந்து காட்டியது. வெள்ளை வேட்டி, காலில் செருப்பு இல்லை. அந்தக் கூடாரத்துக்குப் போன் போட்டு, பெரியவரிடம் கொடுத்து, இங்கே ஒலிபெருக்கியில் வைத்தார்கள். “எங்கடி போயித் தொலைஞ்ச?” என்று ஒரு குரல் கூடாரமே அதிரக் கத்தியது. “நானா தொலைஞ்சேன்?” என்று இந்த அம்மாள் அதைவிடச் சத்தமாகக் கேட்டாள். வரிசையில் நின்றிருந்த பத்துப் பதினைந்து பேரும் கை தட்டினார்கள். அம்மாள் இரண்டு ஜோடிச் செருப்பையும் மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு தன்னார்வலரின் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்து, ராணி மாதிரி போனாள்.

பாஞ்சாலை நோட்டை எடுத்து, தேதி போட்டு, ‘இந்திரனுக்கு உடம்பெல்லாம்’ என்று எழுதி, எதிரே ‘கண்ணாயிரம்’ என்று எழுதினாள். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த சென்னைக்காரருக்குப் போன் போடுங்க” என்றாள்.

அருண்பிரசாத் உடனே எடுத்தார். மரியாதையான குரல். பாஞ்சாலை மேஜைமேல் கிடந்த போனை நோக்கிக் குனிந்து, மைக்கில் பேசுகிற தமிழை முதலில் எடுத்தாள். “வணக்கம். பெயர்ப் பட்டியலை எழுதிய பாஞ்சாலை பேசுகிறேன்.” அதற்கு மேல் அந்தத் தமிழ் தாங்கவில்லை. “சார், இந்த மிசினு எப்பிடி ஓடுதோ, அது இவங்க ரெண்டு பேரோடது. அத்த எப்பிடிக் குடுக்கிறதுன்னு அவங்க சொல்லட்டும். ஆனா பேருங்க என்னுது. அத்த சும்மாவே எடுத்துக்கங்க, வேணாங்கல. உங்க ஆஸ்பத்திரில புதுசா ஒரு பேரு மாட்டும் பாருங்க, எவனோ ஒருத்தன் வாய் கொழறி சொல்லுவான், உங்க ஆளு கண்டுபுடிப்பாரு. அந்தப் பேரை இங்க கொண்டாந்து போடணும். ஆளு யாரு, இன்னா ஒடம்புக்குன்னு எனக்கு வாணாம். பேரு மட்டும். நாளைக்கு அதே பேருல ஒருத்தன் எங்கூர்ல தொலைஞ்சா நான் எங்க போவேன்?”

“மேடம், நல்ல யோசனைதான். நிரல் தனி, பட்டியல் தனின்னா... ஆனா நான் லீகல்ல கேக்கணும்.”

“அவரு நம்பர் குடுங்க. நானே பேசறேன்.”

“இல்ல மேடம், லீகல்னா அது ஒரு டிபார்ட்மெண்ட்” என்றார் அருண்பிரசாத். குரலில் சிரிப்பு வந்துவிட்டது. “நானே பேசிட்டு மெயில் போடறேன்.”

போனை வைத்தாயிற்று. வெளியே பாதையில் ஜனம் பெருகிக்கொண்டிருந்தது. மதிவதனிக்கு இது பாதித் தோல்வி என்று தெரிந்தது. நிரலை ஜீவகுமார் கேட்டபடி கயிறில்லாமல் விட்டுவிட வேண்டும். கம்பெனி அதை எடுத்துத் திருத்தும், சாத்திக்கொள்ளும். அதில் இவள் செய்திருக்கிற, இன்னும் இவள் கண்ணில் படாத ஏதோ ஒரு பிழை அங்கே போய் எத்தனையோ வருடம் குடியிருக்கும். எங்கோ ஒரு வார்டில் மூக்கில் குழாயோடு கிடக்கும் ஒருவரை அவள் நினைத்துப் பார்க்க முயன்றாள். முகம் வரவில்லை. பாஞ்சாலையின் நோட்டில் கண்ணாயிரம் என்ற வரியை இன்னொருமுறை படித்தாள்.

“சரி. நிரலை விட்டுடலாம்” என்றாள்.

“பட்டியலுக்குக் கயிறு கட்டலாம்” என்றான் ஜீவகுமார். சொல்லும்போது பல்வலிக்காரனைப் போல ஒரு பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டான்.

“உனக்குப் புடிக்கல இல்ல?”

“சுத்தமா புடிக்கல. உனக்கு?”

“எனக்கும்தான்டா.”

“அப்ப தாவல” என்றான், பரவாயில்லை என்ற அர்த்தத்தில். அங்கேயே மடியில் கணினியை வைத்து இருவரும் சேர்ந்து கடிதத்தை எழுதினார்கள். ‘திருப்பித் தர வேண்டும்’ என்பதா, ‘தந்தால் மகிழ்வோம்’ என்பதா என்று அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். வேண்டும் என்பதே நின்றது. பாஞ்சாலை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, கைநாட்டு மாதிரி தன் பெயரைத் தானே ஒற்றை விரலால் தட்டினாள். அனந்த் கைப்பேசியில் ஒரு கட்டைவிரலை அனுப்பினான். கடிதம் போயிற்று. வெயில் சாய்ந்தது. பதில் எதுவும் வரவில்லை.

ஜீவகுமார் சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறவன். டிபன் டப்பாவைத் திறந்து நாலு வாய் வேகமாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். பாஞ்சாலை எழுந்து முதுகை நிமிர்த்தினாள். “நான் போயி ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன். மைக்கை யாரும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் ஓடிவந்தாள். அண்ணனைக் காணோம், பஸ்சுக்கு நேரமாகிறது, அவர்கிட்டதான் டிக்கெட் எல்லாம் இருக்கிறது. அழுகிற நிலையில் இருந்தாள். ஜீவகுமார் டப்பாவை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். மதிவதனி அவனைத் தடுப்பதற்குள் மைக்கை எடுத்து, தொண்டையைச் செருமி, பாஞ்சாலையின் ராகத்தையே பிடித்து, பாதை முழுக்கத் தொங்கிய அத்தனை குழாய் ஒலிபெருக்கிகளிலும் அறிவித்தான்:

“அண்ணாமலை அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக அறிவிப்புக் கூடாரத்துக்கு வரவும்.”

ஊர்ப் பெயரில்லை, தகப்பன் பெயரில்லை. ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஈர வேட்டியோடு ஒருவர் வந்தார். அவருக்குப் பின்னால் ஜீன்ஸ் போட்ட ஒருவர், சுண்டல் பொட்டலத்தோடு. காவி கட்டியவர் ஒருவர். போக்குவரத்தை ஒழுங்குசெய்துகொண்டிருந்த காவலர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. தாத்தா ஒருவரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேரனும். இரண்டு பேருக்கும் அதே பெயர். ஜனங்களைப் பிளந்துகொண்டு இன்னும் வந்துகொண்டேயிருந்தார்கள். “என்னையா கூப்ட்டீங்க?” “என்னத்தான் கூப்ட்டாங்க, நீ போப்பா.” “யாரு தேடறது, எங்க வீட்லயா?” ஜீவகுமார் மைக்கைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றான். இடுப்புக் குழந்தையோடு வந்த பெண் அழுகையை மறந்து ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள். டீக்கடையிலிருந்து பாஞ்சாலை டம்ளரோடு ஓடிவருவது தெரிந்தது. மதிவதனி சிரிப்பில் கண்ணீர் வழிய, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் நோட்டைத் திறந்து, “வரிசையா நில்லுங்க, வரிசையா நில்லுங்க, எந்த ஊரு அண்ணாமலை?” என்று கேட்கத் தொடங்கினாள். வரிசை கூடாரத்தைத் தாண்டி, பொரிக்கடையைத் தாண்டி, வளைந்து மலைப்பக்கமாக நீண்டுகொண்டிருந்தது.